கையை இறக்குங்க

"கையை இறக்குங்க மேடம்."

கேமராக்காரர் இதைச் சொல்வது எத்தனையாவது முறை என்று அவருக்கே மறந்துவிட்டது. இவள் சிரிக்கத் தொடங்குவாள். வலது கை தானாக எழுந்து வாயைப் பொத்தும். கையை இறக்கினால் சிரிப்பும் கூடவே இறங்கிவிடும்.

உள்ளங்கை முழுக்க உதட்டுச் சாயம். மேக்கப் போடும் அக்கா ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து உதட்டுக்குப் புதிதாகப் பூசிவிட்டு, கையில் துடைக்கக் காகிதத்தைத் திணித்துவிட்டுப் போனாள்.

"ஏம்மா, சாயத்தை உதட்டுல பூசவா, கைல பூசவா? ஒண்ணு சொல்லிடு."

அதற்கும் சிரிப்பு வந்தது. அதற்கும் கை எழுந்தது.

வீட்டில் அவளுக்கு ஜன்னல் என்று பெயர். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைத் தாராளமாகச் செருகலாம். அண்ணன் வைத்த பெயர் அது. ஜன்னலை மூடு, காத்து வருது என்று அவன் ஒருநாள் சொல்லப்போக, வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

அன்றைக்கு மூடியதுதான். கல்யாண ஆல்பத்தில்கூட விளக்கெண்ணெய் குடித்த மூஞ்சியோடுதான் நிற்பாள். பக்கத்தில் புருஷன் மட்டும் ஈயென்று இளித்துக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவளை அவள் வேலை பார்க்கும் கூரியர் கவுண்டரில் பார்த்துத்தான், பார்சல் அனுப்ப வந்த ஒரு மனிதர் கேட்டார், ஒரு விளம்பரத்துக்கு உங்கள் முகம் பொருத்தமாக இருக்கும், வருவீர்களா என்று. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன விளம்பரம், எதற்கு, ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டால் எங்கே மனசை மாற்றிக்கொள்வாரோ என்ற பயம்.

விஷயத்தைக் கேட்ட நாத்தனார், உன்னையா, நல்லா பாத்துட்டுத்தான் கேட்டாங்களா என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் படம் வந்தாக வேண்டும். சிரித்த முகமாக, நாலு பேர் பார்க்க, ஒரே ஒரு படம்.

வந்தாக வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் தண்ணீர் குடித்தாள். குடித்ததால் மறுபடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது. விளக்குச் சூட்டில் கழுத்து நனைந்தது. முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கலாம் போலிருந்தது. நின்றால் அப்படியே ஓடிவிடலாம் போலிருந்தது.

போதாக்குறைக்கு மூலையில் ஒருத்தி முழு மேக்கப்போடு தயாராக உட்கார்ந்திருந்தாள். இளையவள். கோத்து வைத்தது மாதிரி பல்வரிசை. தனக்குச் சரிவராவிட்டால் நிறுத்துவதற்குத்தான் அவளை வரவழைத்திருக்கிறார்கள், இதுகூடவா புரியாது? இன்னும் ஒரு தடவை கை எழுந்தால் போதும், அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கடைசியில் அவளே வாயைத் திறந்து கேட்டாள், கையில் பிடித்துக்கொள்ளக் கனமாக ஏதாவது கிடைக்குமா என்று.

மேக்கப் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். விளக்குக் கம்பம் சாயாமல் இருக்க அதன் காலில் மணல் பைகள் போட்டிருந்தார்கள். இரண்டை உருவி வந்து கைக்கு ஒன்றாகக் கொடுத்தாள். தோளுக்குக் கீழே படத்தில் வராது, அதனால் பாதகமில்லை.

நல்ல யோசனைதான். கம்பம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கேமராக்காரர் குனிந்து கண்ணை வைத்த நேரம், அவருக்குப் பின்னால் பெரிய வெள்ளைக் குடையோடு நின்ற விளக்கு, பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் மாதிரி மெல்லச் சாய்ந்து, அப்படியே அவர் தலையில் கவிழ்ந்தது. குடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு லைட்டை அணைச்சது?"

சிரிப்பு பீறிட்டது. கை எழப் பார்த்தது, மணல் விடவில்லை. கண்ணில் நீர் வர, வாய் கொள்ளாமல், பல்லும் இடுக்குமாக அவள் சிரித்தாள். மேக்கப் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூலையில் இருந்தவளும் சிரித்தாள். ஐயோ, யாருமே இவள் பல்லைப் பார்க்கவில்லை!

பைகள் இரண்டும் எப்போது கீழே விழுந்தன என்று தெரியாது. அதற்குப் பிறகும் கை எழவில்லை. கேமராக்காரர் குடையை ஒதுக்கிவிட்டு வந்து படமாக எடுத்துத் தள்ளினார். நிற்கச் சொன்னால் நின்றாள், திரும்பச் சொன்னால் திரும்பினாள். இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு.

அடுத்து இளையவளையும் கூப்பிட்டு எடுத்தார்கள். அவளை எதற்கு எடுக்கிறார்கள் என்று இவள் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, கூரியர் ஆபீசுக்கு வந்த அந்த மனிதர் உள்ளே வந்தார். எல்லோரும் அவரை டாக்டர் என்றார்கள். பல் டாக்டராம்.

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எழுத்துகளை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். இளையவள் தலைக்கு மேல், சிகிச்சைக்குப் பின். இவள் தலைக்கு மேல், சிகிச்சைக்கு முன்.

சுருக்கென்றது. எதற்குப் பொருத்தமான முகம் என்று இப்போதுதான் விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரும் ஒன்றும் சந்தோஷமாக இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தார், இந்தப் படத்தைப் பார்த்தார், மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார்.

"என்னய்யா எடுத்து வச்சிருக்கே? இந்தம்மா சிரிப்பைப் பாத்தப்புறம் எவன்யா பல்லைச் சரிபண்ண வருவான்?"

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். தன் சிரிப்பை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அட, நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பிக் குழைந்தார். "சிரமம் பாக்காதீங்கம்மா, இன்னொண்ணு எடுத்துக்கலாம். அன்னைக்குக் கவுண்டர்ல வாயைப் பொத்திக்கிட்டு கூனிக்குறுகி நின்னீங்களே, அதைப் பாத்துத்தானே உங்களைக் கூப்பிட்டேன். அதே மாதிரி. கையைக் கொஞ்சம் தூக்குங்க."

கேமராக்காரர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்.

அவள் கையைத் தூக்கினாள். கொக்கியில் தொங்கிய தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க டாக்டர்."