பாதியில் விட்ட வேலை

“அக்கா, இன்னைக்கு மட்டும் டைரக்டரியை டிஸ்க்ல எழுதிடாதீங்கக்கா. ஏன்னு கேக்காதீங்க.”

போனில் சகாயராஜின் குரல் கெஞ்சியது. ஏன் என்று கௌசல்யா அவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

“அடுப்புல குழம்பு கெடக்கு சகாயம். பெறகு பேசுறேன்” என்று பொய் சொல்லிப் போனை வைத்தாள். இவனுக்கு எப்படித் தெரிந்தது? மேனேஜர் முகேஷ்குமார் அவளிடம் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லையே!

கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் ராட்சதக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே பார்த்துக்கொள்வதுதான் இருவருக்கும் வேலை. அவள் தாடிக்கொம்பில் தன் வீட்டிலிருந்து, அவன் சித்தையன்கோட்டையில் தன் வீட்டிலிருந்து. இனி அதற்கு ஒரு ஆள் போதுமாம்.

“சகாயராஜ் பேரை எடுத்துருங்க மேடம். சாயங்காலத்துக்கு மேல அவர் உள்ள நுழையக்கூடாது” என்றிருந்தார் முகேஷ்குமார்.

“நல்லா வேலை பாக்குற பையன் சார். அவன் ஏன்?”

“காலையில ஒரு வேலை சொன்னேன். முடிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் பாதியில விட்டிருக்கார். சொன்னதைச் செய்யிற ஆளுதான் எனக்கு வேணும். நீங்க செய்வீங்கல்ல?”

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளுக்குள் முள்ளாக நின்றது. போன ஞாயிற்றுக்கிழமைதான் சகாயராஜின் மனைவி ஐரினுக்கு வளைகாப்பு. அந்தப் பெண்ணின் கையில் முதல் வளையலைப் போட்டவளே கௌசல்யாதான்.

“என்னா, பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?” என்றான் ராமர். நத்தம் ரோட்டில் வேன் கவிழ்ந்ததிலிருந்து கட்டிலோடு கிடக்கும் புருஷன். அவள் சொன்னாள்.

“பாவந்தான். அதுக்காக? நீ மாட்டேன்னா, அந்தாளு அவன்கிட்ட உம் பேரைத் தூக்கச் சொல்லுவான். அவன் என்ன, ஒன்னைய மாதிரி யோசிச்சுக்கிட்டா இருப்பான்?”

“சும்மா இருங்க.”

“நான் சும்மாத்தான இருக்கேன், ஆறு மாசமா! நீயும் சும்மா இருந்தா இந்த வீட்டுல ஒலை எப்புடிக் கொதிக்கும்?”

அவள் லேப்டாப்பை இழுத்து வைத்து ஃபைலைத் திறந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் யார் நுழையலாம் என்கிற பட்டியல்தான் டைரக்டரி. அது இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, ஆட்கள் படித்துத் திருத்துகிற ஃபைல். இன்னொன்று, மிஷினுக்குப் புரிகிற விதத்தில் டிஸ்க்கில் பதிந்து கிடப்பது. ஃபைலில் எதை அழித்தாலும் மிஷின் சட்டை செய்யாது. டிஸ்க்கில் எழுது என்று கட்டளை கொடுத்தால்தான், ஃபைல் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுசாக அங்கே இறங்கும். அதற்குப் பிறகும், உள்ளே இருப்பவனைப் பிடித்து வெளியே தள்ளாது. ஒருமுறை வெளியே போய்விட்டால்தான் கதவு திறக்காது.

ஃபைலைக் கடைசியாகத் தொட்டது சகாயராஜ், இன்று காலை, என்று திரை காட்டியது. தினம் தொடுகிறவன்தானே என்று நினைத்தாள். ஆயிரக்கணக்கான பேர்களுக்கு நடுவில் அவன் பேரை மட்டும் தேடிப் பிடித்து அழித்தாள்.

இத்தோடு நிறுத்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. விரல் அந்தரத்தில் நின்றது.

“இன்னுமா?” என்றது கட்டில்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டளையைத் தட்டினாள். டிஸ்க்கில் எழுதியாயிற்று என்றது மிஷின். அவன் இன்னும் உள்ளே இருப்பது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்து, லேப்டாப்பை மூடினாள்.

செத்த நேரம் கழித்து, முடித்துவிட்டதாக மேனேஜருக்குச் சொல்லுமுன் ஒருதரம் சரிபார்க்க மறுபடி உள்ளே போகப் பார்த்தாள். இப்படி ஒரு ஆள் டைரக்டரியில் இல்லை என்றது திரை. தப்பாக அடித்துவிட்டோமோ என்று, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். இல்லை என்றே சொன்னது.

போன் அடித்தது. சகாயராஜ்.

“எழுதிட்டீங்களாக்கா?”

“எனக்கு வேற வழி தெரியல சகாயம், மன்னிச்சிரு. உம் பேரைத்தான்ப்பா எடுத்தேன்... எம் பேரும் எப்படிப் போச்சு?”

“காலையில மேனேஜர் என்கிட்ட தூக்கச் சொன்னது உங்க பேரைத்தான்க்கா. மேனேஜர் பாத்தா நம்பட்டும்னு ஃபைல்ல மட்டும் எடுத்து வச்சேன். டிஸ்க்ல எழுத மனசு வரல.”

கௌசல்யா விசும்பினாள். அந்தப் பக்கம் சகாயராஜ் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அழாதீங்கக்கா. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்... உங்க பேரைப் போட்டு எழுதிட்டு வெளிய வாரேன்.”