நான்காவது துடிப்பு

கலப்படச் சிமெண்டில் கட்டிய வீடுகளுக்குப் பதிலாக அரசு புது வீடு தந்தது. அதிக உயிர்கள் வசிக்கும் வீட்டுக்கே முன்னுரிமை. சுவரில் பதித்த கருவி இதயத்துடிப்புகளை எண்ணியது. தணிகாசலத்துக்கும் மனைவி செல்வநாயகிக்கும் தினமும் ஒரே பதில்: "இரண்டு உயிர்கள். காத்திருக்கவும்."

"காரை பேந்து விழுது. பிரசவத்துக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வராதீங்க" என்று செல்வநாயகி கெஞ்சினாள்.

"தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான். ஊர் என்ன பேசும்?" என்ற தணிகாசலம், அன்றே போய் மகளை அழைத்துவந்தார்.

அவள் உள்ளே வந்ததும் கருவி பேசியது: "நான்கு உயிர்கள். வீடு ஒதுக்கப்பட்டது. புது வீடு கட்டி முடியும்வரை இங்கிருந்து ஒருவர் வெளியேறினாலும் ரத்து."

தணிகாசலம் கைகூப்பினார். மகள் விரிசல் விட்ட கூரையைப் பார்த்தாள். இரு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"இதுக்குத்தான் கூப்பிட்டீங்களாப்பா?"