மூணாம் நம்பர் பெட்டி

செக்கிங் மேஜையில் ஐரின் மூன்றாம் நம்பர் பெட்டியில் மீட்டரை வைத்தாள். ஐந்து வோல்ட் காட்டியது. அவ்வளவுதான், பச்சை ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டாள்.

எதிர் மேஜையில் ஈயத்தை உருக்கி ஒயருக்கு சாலிடர் வைத்துக்கொண்டிருந்த பாண்டிராஜுக்கு உள்ளுக்குள் குதூகலம். வசமாக மாட்டினாள் மகராசி.

கப்பலூரில் அந்தச் சின்னக் கம்பெனி செய்வது குட்டி விமானங்களுக்கான பெட்டி. விமானத்தில் ஓடும் இருபத்தெட்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்து பைலட்டின் டேப்லெட்டுக்குக் கொடுக்கும். ஒவ்வொன்றிலும் செய்தவனின் நம்பர் இருக்கும். யார் செய்ததானாலும் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூடேறிய பிறகுதான் பாஸ் போட வேண்டும்.

அந்த விதியெல்லாம் ஏழாம் நம்பருக்கு மட்டும்தான். ஏழு, பாண்டிராஜ். அவன் பெட்டி என்றால் பத்து நிமிஷம் இருபதாகும், சின்னக் கீறலுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் விழும். மூன்றாம் நம்பர் சோலை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான். அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பச்சை.

இன்னும் ஒரு சிவப்பு விழுந்தால் வேலை இல்லை என்று முதலாளி நேற்று சொல்லிவிட்டார். அதனால்தான் இன்று ஒரு பெட்டியைத் தானே செய்து, சோலையின் நம்பரை ஒட்டி, ஐரினின் தட்டில் வைத்தான்.

அவள் பச்சை ஒட்டிய உடனே கேட்டிருக்கலாம். ஆனால் முதலாளி முன்னால் அவள் முகம் சுருங்க வேண்டும். நாலு மணி டீக்கு அவர் வருவார். குனிந்தபடி, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ வந்தது. முதலாளியும் வந்தார். பாண்டிராஜ் எழுந்தான்.

“மேடம், கடைசியா பச்சை ஒட்டுனீங்களே மூணாம் நம்பரு, அது சோலை செஞ்சதில்ல. நான் செஞ்சது.”

ஐரின் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தாள்.

“அம்புட்டு நல்லா செய்யத் தெரியுதுல்ல? அதை ஒங்க நம்பர்ல செய்யிறதுக்கு என்ன கேடு?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிதான் சத்தமாகச் சிரித்தார். அந்தப் பெட்டிகளோடு வண்டி கிளம்பி அரை மணி நேரமாகிறது, இனி சண்டை வேண்டாம், நீ வேலையைப் பார் என்று அவன் முதுகில் தட்டினார்.

பாண்டிராஜ் சொல்ல வந்ததில் பாதிதான் ஆகியிருந்தது. அந்தப் பெட்டியை எல்லோர் முன்னாலும் பத்து நிமிஷம் ஓடவிடச் சொல்வது மீதி. உள்ளே ஒரு சாலிடரை ஒட்டியும் ஒட்டாமலும் விட்டிருந்தான். சூடேறினால் அது விட்டுவிடும். இருபத்தெட்டு வோல்ட்டும் அப்படியே டேப்லெட்டுக்குள் இறங்கும்.

முதன்முறையாக ஐரின் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவனும் சிரித்துவைத்தான். டீயைக் குடித்து முடித்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தான்.