எரியாத இலக்கம்

"எட்டாயிரம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் மாமியார் அங்காளம்மாள்.

"அத்தை, நல்லாப் பாருங்க. எட்டுக்கு முன்னாடி ஒரு பூஜ்ஜியம் எரியுதல்ல? அதுக்கும் முன்னாடி ரெண்டு இருக்குது. அந்த இடம் மட்டும் எரியல. ரெண்டு லட்சத்து எட்டாயிரம்!" வித்யாவுக்கு மூச்சு வாங்கியது.

"பூச்சியத்துக்கு ஏது சாமி மதிப்பு? எங் கண்ணுக்கு எட்டாயிரந்தான் தெரியுது."

எல்லாம் இந்தப் பின்பால் மெஷினால் வந்தது. சங்ககிரியில் எடைமேடை நடத்தும் பிரபாகர், எடை போட வந்த பழைய இரும்பு லாரியில் இதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கி, ஹாலில் நிறுத்தியிருந்தார். ஏதோ கப்பலை உடைத்த சரக்காம். கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடும். அது குழிக்குள் விழாதபடி இரண்டு பக்கமும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டு மோத மோத, மேலே ஆரஞ்சு நிறத்தில் பாயிண்ட் ஏறும்.

வாங்கியவருக்கு ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது. பிடித்துக்கொண்டவள் வித்யா.

சும்மா இல்லை. பள்ளித் தோழிகள் பதினோரு பேர் சேர்ந்து மூன்று நாள் மைசூர் போகிறார்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் தனியாக ஈரோட்டைத் தாண்டியதில்லை.

"பொம்பள தனியா மூணு நாளா? நம்மூட்ல வழக்கமில்ல" என்றாள் மாமியார்.

பிரபாகர் வழக்கம்போல அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெஷினைப் பார்த்தார். "இதுல ரெண்டு லட்சம் அடி. போயிட்டு வா."

நடக்கிற காரியமா என்ற தைரியத்தில் மாமியாரும், "அடிச்சாப் போகட்டும், நான் குறுக்க நிக்கல" என்று வாயை விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம். குழம்பு தீய, பால் பொங்கி வழிய ஆடினாள் வித்யா. ஒன்றரை லட்சத்தோடு நொண்டிக்கொண்டிருந்த மெஷின் அன்றைக்குத்தான் மனசு வைத்தது. அன்றைக்குப் பார்த்துத்தான் முதல் இலக்கம் கண்ணை மூடிக்கொண்டது.

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க!"

பிரபாகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "முன்னாடி ஏதோ ஒண்ணு இருக்கு. அது ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு!"

"எரிஞ்சுதா?"

"எரியல."

"அப்ப எப்படி ஒத்துக்கறது? டிஸ்ப்ளேல காட்டறதுதான் கணக்கு. நான் எடைமேடை வச்சிருக்கறவன், வித்யா."

"ஆமா, பெரிய சத்தியவான்! கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு ரெண்டு போட மனசு வரல."

சத்தியவான்தான். அதுதான் கொடுமை. பதினெட்டு வருஷத்தில் அவர் மேடையில் ஒரு கிலோ கூடினதில்லை, குறைந்ததில்லை. கெஞ்சிப் பார்த்தவர்கள், மிரட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனதுதான் மிச்சம்.

"செங்கோடனை வரச் சொல்றேன். சரி பண்ணட்டும். மறுபடி ஆடு."

"மறுபடியா? வெள்ளிக்கிழமை பஸ்சுங்க!"

"இன்னைக்குத் திங்கள்தானே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமியார் மெஷினை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

செங்கோடன் புதன்கிழமை வந்தான். பள்ளிபாளையத்துக்காரன். சுற்றுவட்டார எடைமேடைகளில் நம்பர் எரிவதெல்லாம் அவன் கைங்கரியம். மெஷினின் தலையைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த ஆரஞ்சு டியூப் இப்பக் கெடைக்காதுங்கக்கா. எடைமேடைக்குப் போடற செவப்பு நம்பரையே மாட்டிடறனுங்க. நடுவால ஒரு சின்ன போர்டு, அதுல ஒரு சிப்பு. மெஷின் என்ன சொல்லுதோ அதைக் கேட்டு நம்பரைக் காட்டும்."

வித்யாவின் காது அந்தச் சிப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"மெஷின் சொல்றதை மட்டுந்தான் காட்டுமா? இல்ல, நாம சொல்றதையும் காட்டுமா?"

"நாம எழுதறதுதானுங்க."

மாமியார் உள்ளே சீரியலில் இருந்தாள். வித்யா எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பரீட்சையில் பிட் அடித்ததற்காக உயிர்த்தோழியையே கான்வென்ட் சிஸ்டரிடம் காட்டிக்கொடுத்த வித்யா. அந்தத் தோழியும் மைசூர் வருகிறாள் என்பது வேறு விஷயம்.

"செங்கோடா, இது ஒண்ணும் எடைமேடை இல்ல. வெறும் வெளையாட்டுச் சாமான். நூறு அடிச்சா நூத்தம்பது காட்டற மாதிரி எழுதிடு."

அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

"வெளிய மூச்சு விடாதே. முக்கியமா உங்க அண்ணனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

செங்கோடன் தலையைச் சொறிந்தான். வித்யாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னப்பா முழிக்கற? முடியுமா, முடியாதா?"

"முடியுதுங்கக்கா. காத்தால எடைமேடைக்குப் போனப்ப அண்ணனும் இதையேதான் சொன்னாருங்க. நூறுக்கு நூத்தம்பது காட்டற மாதிரி வெச்சுடு, அக்காளுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்கும், அம்மாளுக்குத் தெரிஞ்சா போக உடாதுன்னு. இப்ப ரெண்டு பேருதையும் சேத்து நூறுக்கு எரநூறா வெக்கட்டுங்களா, இல்ல அண்ணனோடது மட்டும் போதுங்களா?"