விசில் நடை

"அந்தக் காலத்துல அடிமைங்க சமையல்கட்டுலேருந்து துரை வீட்டு மேசை வரைக்கும் விசிலடிச்சுக்கிட்டே தட்டைத் தூக்கிட்டுப் போகணும். விசில் நின்னா, அடிமை வாயில சாப்பாடு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் சவுக்கடிதான்" என்றாள் வெரோனா. ஜமைக்காவின் அந்தப் பழைய கரும்புத் தோட்டத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாக அவள் நடத்தும் பாடம் அது.

அன்று வந்த மாணவிகளில் கேடியனும் ஷாண்டலும் அதை நடித்துக் காட்ட, ஆளுக்கு ஆறு மரவள்ளி அடையோடு கிளம்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வெரோனா காது கொடுத்தாள். விசில் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

மேசைக்கு வந்தபோது கேடியன் தட்டில் ஐந்துதான் இருந்தது.

"விசில் நிக்கவே இல்லையேடி, எப்படித் தின்னே?"

கேடியனுக்கு வாய் நிறைய அடை. ஷாண்டல்தான் பதில் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நான் அடிச்சேன் மிஸ். அடுத்த நடை அவ அடிப்பா, நான் திம்பேன்."