முதல் பத்திரிகை

பச்சைமலை அருவிப் பூங்காவில் இருந்த வெள்ளைக்காரர் காலத்துப் பயணியர் விடுதி வராந்தாவில், ஜெனிதா தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்."

சவரியாரும் விண்ணரசியும் அதைச் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள்.

டீ கொண்டுவந்த வாட்ச்மேன் கேட்டார்: "வருஷா வருஷம் இதே தேதியில மூணு பேரும் வர்றீங்க. ஒரே பொண்ணுங்களா?"

"எங்களுக்கு ஒரே பையன்தாங்க" என்றாள் விண்ணரசி. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க சுத்திப் பாக்க வந்தான். இந்தப் பொண்ணு யாருன்னே அவனுக்குத் தெரியாது. தண்ணியில வுழுந்துட்டாளேன்னு குதிச்சு, இவளப் பாறையில ஏத்திவுட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாதுங்க."

ஜெனிதா தலைகுனிந்து அழுதாள்.

சவரியார் பத்திரிகையை நிதானமாகப் படித்து முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமாம்மா?"