பரணில் இருந்த அண்டா

போடி கடைவீதியின் அந்தப் பாத்திரக் கடைக்குள் கிருபாவதி நுழைந்தாள். மகனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் கடைக்காரர் மகளை, யாரென்று சொல்லாமல் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அப்பா வழியில் வந்த மூட்டு வீக்க நோய் இருப்பதாகக் கேள்வி.

கல்லாவில் இருந்த இளம்பெண் எழுந்திருக்கவே இல்லை. இன்னொருத்திதான் ஓடி வந்தாள்.

"பரண்ல இருக்க அந்த அண்டாவை எடும்மா."

ஏணியில் ஏறி எடுத்து வந்தாள்.

"இது வேணாம். அங்கன மூலையில இருக்கே, அது."

மறுபடி ஏறினாள். அவள் இறங்கியதும் கிருபாவதி குரலைத் தாழ்த்தினாள்.

"கல்லாவுல இருக்கது முதலாளி மகளா? பாவம், எந்திரிக்கக்கூட முடியலையோ?"

"அவுக இங்கன வேலை பாக்குற அக்கா. மாசமா இருக்காக. நான்தான் உக்காரச் சொன்னேன்."

"அப்ப முதலாளி மக?"

"நான்தான், ஜெஸ்லின். வீக்கம் வந்தா ரெண்டு நாள் படுப்பேன். மத்த நாளெல்லாம் டாக்டர் சொன்ன பயிற்சி, அப்புறம் இந்த ஏணி. உங்களை போட்டோவுல பாத்திருக்கேன், அத்தை."

கிருபாவதி அண்டாவைத் தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வாரம் உங்க மகனையும் கூட்டிட்டு வாங்க. அவுகளும் ஒருக்கா ஏறிக் காட்டட்டும். நானும் பாக்கணும்ல?"

கிருபாவதி அந்த ஏணியை அண்ணாந்து பார்த்தாள். வீட்டு மாடிப்படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்கும்.